வெண்மணி தரும் பாடம்
பிரியாமல் நின்ற ஒரு சிற்றூரின் வரலாறு

காவிரி பாயும் தஞ்சைத் தரணியைச் சோற்றுக்குப் பெயர்பெற்ற நாடென்று புகழாத புலவர் இல்லை. கல்லணையும், விண்ணளாவிய கோபுரங்களும், கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பரந்து கிடக்கும் வயல்களும் அப்புகழுக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. ஆயினும், அவ்வயல்களில் சேற்றை மிதித்தவர் யார், நாற்றைப் பறித்து நட்டவர் யார், விளைந்த கதிரைத் தலையில் சுமந்து களத்தில் சேர்த்தவர் யார் என்று வினவினால், வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. முதலாம் இராசராசன் எடுப்பித்த பெருவுடையார் கோயிலின் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ என்னும் சொற்கள் வருகின்றன. சேரி இருந்தது என்பதற்குக் கல்லே சான்று. ஆனால் அச்சேரியில் வாழ்ந்தோர் இன்னார் என்று அக்கல் கூறவில்லை.

அக்கல்வெட்டுகள் தோன்றி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சென்றபின், அதே காவிரிப் படுகையில், உழைக்கும் மக்களின் பெயர்கள் ஒரு கல்லில் பொறிக்கப்பட்டன. அவை 44 பெயர்கள். அப்பெயர்களுக்கு உரியோர் 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழவெண்மணி என்னும் சிற்றூரில் ஒரே குடிசைக்குள் தீக்கிரையாக்கப்பட்டவர்கள்.

கீழவெண்மணியின் துயரத்தை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். ஆண்டுதோறும் அந்நாளில் அதைப் பற்றிப் பேசுகிறோம், கேட்கிறோம், கண் கலங்குகிறோம். அத்துயரத்துக்கு முன் அவ்வூர் எவ்வாறு ஒன்றுபட்டிருந்தது, பின்னர் எவ்வாறு சிதறாமல் நின்றது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அதை எண்ணிப் பார்ப்பதே பொருத்தம் என்று கருதுகிறோம். ஒரு சங்கம் என்பது என்ன, அது எதைத் தாங்க வல்லது என்னும் வினாவுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பண்ணையாள் வாழ்வு

கீழவெண்மணி, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில், தேவூருக்கு அருகே உள்ளது. 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அம்மாவட்டத்தைச் சேர்ந்தது. கடலை நோக்கிச் செல்லச் செல்லக் காவிரியின் கிளைகள் மெலிந்து வாய்க்கால்களாகப் பிரியும் சமவெளி அது. மேடென்று சொல்லத் தக்க இடம் சிறிது. எங்கு நோக்கினும் நெல்.

இப்பகுதியில் நிலம் சிலர் கையிலும், உழைப்பு பலர் தோளிலும் இருந்தன. கோயில்களும் மடங்களும் மிராசுதார்களும் வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்தனர். ஒரு வேலி என்பது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அந்நிலத்தில் உழைத்த நம் மக்கள் பண்ணையாட்கள் எனப்பட்டனர். கணவன், மனைவி, மாடு மேய்க்கும் சிறுவன் ஆகிய அனைவரும் பண்ணைக்கு உரியவர்கள். குடியிருக்கும் மனையும் மிராசுதாருக்கே சொந்தம். எதிர்த்துப் பேசியவர் வேலையை மட்டுமன்றி வீட்டையும் இழக்க நேர்ந்தது. கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளக்கும் மரக்காலும் படியும் மிராசுதாருடையவை. நேரம் தாழ்ந்து வந்தவருக்கும் சொல் மீறியவருக்கும் சவுக்கடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்தன. இவற்றைக் கதை என்று எண்ணும் இளைஞர் எவரேனும் இருப்பின், தம் வீட்டின் முதியோரிடம் கேட்டறிவாராக.

இந்நிலையை மாற்றச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. 1943 முதல் கீழத் தஞ்சைச் சேரிகளில் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேர்விடத் தொடங்கியது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாச ராவ், சேரியிலேயே உண்டு, சேரியிலேயே உறங்கி, மக்களை ஒன்றுசேர்த்தார். களப்பாள் குப்பு போன்ற நம் மக்களே தலைவர்களாக எழுந்தனர். மணலூர் மணியம்மை, பிறப்பால் மேற்குலத்தவராயினும், தம் சுற்றத்தின் வெறுப்பை ஏற்றுக்கொண்டு உழைக்கும் பெண்களின் பக்கம் நின்றார். 1944ஆம் ஆண்டு மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முற்றுப்புள்ளி வைக்க முனைந்தது. 1948இல் மாயூரத்தில் கூலி உயர்வுக்கு மற்றோர் ஒப்பந்தம் கண்டனர். 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அச்சட்டம் வந்தபின் நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது. பண்ணையாளுக்குப் பாதுகாப்பு என்று சட்டம் சொன்னவுடன், பல மிராசுதார்கள் பண்ணையாட்களையே இல்லாமற் செய்துவிட்டனர். நேற்றுவரை பண்ணையாள், இன்று முதல் அன்றாடக் கூலி. காகிதத்தில் கிடைத்த உரிமை களத்துமேட்டில் கரைந்து போயிற்று. உரிமை எழுதப்பட்டால் மட்டும் போதாது, அதைக் காத்து நிற்கும் கூட்டமும் வேண்டும் என்பதை நம் முன்னோர் அன்றே பட்டறிந்தனர்.

அரைப்படி நெல்

1960களில் தஞ்சை வேளாண்மையில் புதிய காற்று வீசியது. தீவிர வேளாண் திட்டம் இம்மாவட்டத்தில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட சில மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. உரமும் கடனும் வந்தன. ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் 1960களின் நடுவில் பரவியது. குறுவையும் தாளடியுமாக இருபோகம் பெருகிற்று. விளைச்சல் உயர்ந்தது; நெல்லின் விலையும் உயர்ந்தது. உழைப்பவரின் கூலி மட்டும் அதற்கேற்ப உயரவில்லை. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டனர்.

அரைப்படி என்பது சிறிய அளவுதான். ஆனால் அதைக் கேட்டது தனி ஆளன்று, சங்கம். அதுதான் மிராசுதார்களுக்குப் பொறுக்கவில்லை. 1966இல் அவர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவராக விளங்கினார். உள்ளூர் ஆட்களை ஒதுக்கிவிட்டு வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்ய முயன்றனர். செங்கொடியை இறக்குக, தொழிலாளர் சங்கத்தை விட்டு விலகுக, எங்கள் சங்கத்தில் சேருக என்று ஊர் ஊராக நெருக்கினர். சில ஊர்கள் பணிந்தன. கீழவெண்மணி பணியவில்லை.

இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். துயரம் வந்தபின் அம்மக்கள் ஒன்றுபட்டார்கள் என்று பலர் எழுதுகின்றனர். அது முழு உண்மை அன்று. அவர்கள் முன்னமே ஒன்றுபட்டிருந்தார்கள்; ஒன்றுபட்டிருந்த காரணத்தாலேயே தாக்கப்பட்டார்கள். அன்று ஒரே ஒரு குடும்பம் கொடியை இறக்கியிருந்தாலும் அக்குடும்பம் மட்டும் தப்பியிருக்கக் கூடும். அத்தகைய தப்பித்தலை அவ்வூர் நாடவில்லை. ஆகவே, துயரம் அவ்வூருக்குப் புதிதாக ஒற்றுமையைத் தரவில்லை. இருந்த ஒற்றுமையைச் சோதித்தது. அச்சோதனையில் அவ்வூர் தேறிய விதமே நாம் கற்க வேண்டிய வரலாறு.

1968 டிசம்பர் 25

அன்று கிறித்துமஸ் நாள். மாலையில் தொடங்கிய மோதலில் இருக்கை என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். இரவில் மிராசுதார்களும் அவர்தம் அடியாட்களும் துப்பாக்கி முதலிய கருவிகளுடன் கீழவெண்மணிச் சேரியைச் சூழ்ந்தனர். இளைஞர்களும் ஆடவர்களும் வயல்வெளி நோக்கி ஓடினர். ஓட இயலாத முதியோரும், பெண்களும், குழந்தைகளும் தெருவின் கோடியில் இருந்த இராமய்யாவின் குடிசைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டனர். மண்சுவரும் கீற்றுக் கூரையும் கொண்ட சிறு குடிசை அது. அதற்குத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த 44 பேரும் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

இதற்கு மேல் விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. மாண்டவர்களின் துன்பத்தைக் காட்சிப்பொருளாக்குதல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இது கூலிப் போராட்டத்தின் விளைவா, சாதிக் கொடுமையா என்று பல்லாண்டுகளாக வழக்காடி வருகின்றனர். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கல்வியறிவு பெற்ற நமக்கு எளிதாக இருக்கலாம். அக்குடிசைக்குள் இருந்தோருக்கு அது இரண்டாக இருந்ததில்லை. கூலி கேட்டதற்காகவே அவர்கள் தாக்கப்பட்டனர் என்பது உண்மை. கூலி கேட்டவர்கள் சேரி மக்கள் என்பதால்தான் அத்தகைய தண்டனையைக் கனவு காணவும் துணிந்தனர் என்பதும் உண்மை. எரிந்தவை சேரியின் குடிசைகள். மாண்ட 44 பேரும் நம் மக்கள். எனவே வெண்மணியை உழைப்பாளர் வரலாற்றிலும் வைத்துப் படிப்போம், தீண்டாமை எதிர்ப்பு வரலாற்றிலும் வைத்துப் படிப்போம். ஒன்றுக்காக மற்றொன்றை மறைப்போர் எத்தரப்பினராயினும் அவர்தம் வாதத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை.

நீதிமன்றத்தின் முன்

நெருப்பு அணைந்த பின்னர் அவ்வூர் மக்கள் செய்த முதற்பணி சாட்சி சொன்னதாகும். இதன் பெருமையை நாம் போதிய அளவு உணர்ந்தோமா என்பது ஐயமே. குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் 23 பேர். அவர்களின் வயலில்தான் மறுநாளும் வேலை தேட வேண்டும். அவர்களின் மனையில்தான் குடியிருக்க வேண்டும். அந்நிலையில், தம் சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே கூண்டில் ஏறி நின்று பெயர் சொல்லிக் குற்றம் சுமத்தினர்.

1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் மிராசுதார்களுள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மோதலில் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டனர். ஆனால் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்கள் அனைவரையும் விடுதலை செய்தது. இத்துணைச் செல்வமும் நிலமும் படைத்தவர்கள், ஏவலாட்களை அனுப்பாமல் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பர் என்பது நம்பத் தகுந்ததாக இல்லை என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அவர்களுள் ஒருவர் மகிழுந்து வைத்திருந்தவர் என்பதும் அங்கே குறிப்பிடப்பட்டது. ஏழையின் சொல்லைவிடச் செல்வனின் செல்வமே வலிய சாட்சியாகக் கொள்ளப்பட்டது என்று நாடெங்கும் நல்லோர் மனம் வருந்தினர். மைதிலி சிவராமன் போன்றோர் இதனை விரிவாக எழுதி உலகறியச் செய்தனர்.

கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொலையுண்டார். அது வேறொரு வரலாறு. நாம் எடுத்துக்கொண்ட பொருளன்று. பழிக்குப் பழி என்பதால் ஓர் ஊர் எழுந்து நிற்பதில்லை. எதனால் எழுந்து நிற்கிறது என்பதையே இனிக் காண்போம்.

மண்ணும் மனையும்

வெண்மணியின் தீ அரசை அசைத்தது. 1969இல் கீழத் தஞ்சையின் விவசாயத் தொழிலாளர் சிக்கல்களை ஆராய நீதிபதி கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1970இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. 1971இல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கியது.

இச்சட்டங்களுள் உச்சவரம்புச் சட்டம் பினாமிப் பதிவுகளாலும், அறக்கட்டளை என்ற போர்வையாலும் பெரிதும் ஏமாற்றப்பட்டது. ஆனால் மனைச் சட்டத்தின் பயன் சிறிதன்று. முன்பு சங்கத்தில் சேர்ந்தவனை, ‘என் மனையை விட்டு வெளியேறு’ என்று சொல்லி மிராசுதார் அடக்க முடிந்தது. குடியிருக்கும் இடம் தனக்கே சொந்தமான அன்று, அந்தச் சாட்டை அவர் கையிலிருந்து நழுவியது. மூன்று சென்ட்டோ ஐந்து சென்ட்டோ, தன் மண்ணில் நின்று பேசுபவனின் குரலுக்குத் தனி வலிமை உண்டு. இன்று நம் தெருக்களில் உள்ள மனைகளின் உரிமைக்குப் பின்னே இத்தகைய வரலாறு நிற்கிறது என்பதை இளையோர் அறிதல் நலம்.

பெண்களின் பெயரில் ஓர் ஏக்கர்

மனை கிடைத்தது, ஆனால் விளைநிலம் கிடைக்கவில்லை. இவ்விடத்தில்தான் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் என்னும் இணையரைப் பற்றிக் கூறுதல் வேண்டும்.

கிருஷ்ணம்மாள் 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் அய்யன்கோட்டையில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நம் பெண்கள் பள்ளிப் படியேறுவதே அரிதாக இருந்த காலத்தில் கல்லூரிக் கல்வி பெற்றவர். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்து, காந்திய வழியில் அனைத்தையும் துறந்தவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே மணம் புரிவது என்று உறுதி பூண்டு, 1950இல் இருவரும் இணைந்தனர். வினோபாவின் பூமிதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தனர். வெண்மணிச் செய்தி கேட்டு, கீழத் தஞ்சைக்கு வந்து, அம்மண்ணிலேயே தங்கிவிட்டனர்.

அவர்களின் வழி வேறு. செங்கொடிச் சங்கத்தின் வழி வேறு. இரண்டுக்கும் இடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் வெண்மணி மக்கள் தம் சங்கத்தையும் விடவில்லை. தமக்காக நடந்து வந்தவர்களையும் விலக்கவில்லை. நல்லது எத்திசையிலிருந்து வந்தாலும் ஏற்கும் பக்குவம் அவர்களிடம் இருந்தது. இன்று கட்சிக்கொரு கொடியாகப் பிரிந்து, ஒருவர் செய்த நற்பணியை மற்றொருவர் ஏற்க மறுக்கும் நமக்கு இது நினைவில் இருத்தல் வேண்டும்.

வலிவலத்தில் கோயில் நிலங்களைத் தம் பிடியில் வைத்திருந்தோருக்கு எதிராக அவர்கள் நடத்திய அறப்போர் நெடியது. 1981இல் உழுவோர் நில விடுதலை இயக்கமாகிய ‘லாஃப்டி’யைத் தோற்றுவித்தனர். அதன் செயல்முறை எளியது. நிலத்தை விற்க முன்வரும் உடைமையாளருடன் பேசுவது. வங்கிக் கடனுக்கும் அரசு மானியத்துக்கும் வழி காண்பது. குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துப் பதிவு செய்வது. உழைத்துக் கடனை அடைப்பது. பதிவு செய்யும்போது நிலம் பெண்ணின் பெயரிலேயே எழுதப்பட்டது. ஆடவன் பெயரில் எழுதினால் கடனுக்கும் குடிக்கும் அடகு போய்விடும். பெண்ணின் பெயரில் எழுதினால் அது பிள்ளைகளின் சோறாக நிற்கும் என்பது அவர்களின் பட்டறிவு. இம்முறையில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் ஆளுக்கோர் ஏக்கராக நிலம் பெற்றன. 2008இல் சுவீடன் நாட்டின் ‘வாழ்வுரிமை விருது’ அவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. கீற்றுக் குடிசைகளை அகற்றிக் கல்வீடு எழுப்பும் பணியிலும் கிருஷ்ணம்மாள் முனைந்து நின்றார். ஒரு கீற்றுக் கூரையின் கீழ் 44 உயிர்கள் போயின என்பதை எண்ணினால், கல்வீட்டுக்காக அவர் காட்டிய பிடிவாதத்தின் பொருள் விளங்கும்.

பெற்ற நிலத்துக்குப் புதிய பகையும் வந்தது. 1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வயலின் நீரும் குடிநீரும் உவர்த்தன. நடவுக்கும் களையெடுப்புக்கும் வேலை இல்லாமற் போயிற்று. ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த தீர்ப்பு வந்தது. நிலத்தைப் பெறுவது ஒரு போர் என்றால், அதைக் காப்பது மற்றொரு போர் என்பதற்கு இது சான்று. ஜெகந்நாதன் 2013இல் மறைந்தார்.

நினைவைப் பேணுதல்

வெண்மணி மக்கள் தளராமல் காத்த மற்றொன்று நினைவு. எரிந்த இடத்தை அவர்கள் வேறு எதற்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே நினைவுச் சின்னம் எழுந்தது. அதற்கு அடிக்கல் நாட்டியவர் பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சரான ஜோதி பாசு. 44 பெயர்களும் பொறிக்கப்பட்டன. ஒவ்வோராண்டும் டிசம்பர் 25 அன்று பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் அங்குக் கூடுகின்றனர்.

நினைவு என்பது அழுகைக்காக மட்டும் அன்று. தென்னாப்பிரிக்காவில் ஷார்ப்வில் என்னும் ஊரில் 1960 மார்ச் 21 அன்று, கருப்பின மக்கள் 69 பேர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மக்கள் அந்நாளை மறக்க விடவில்லை. 1966இல் ஐக்கிய நாடுகள் அவை அந்நாளையே இனவேற்றுமை ஒழிப்பு நாளாக அறிவித்தது. ஒரு சிற்றூரின் துயரம், அவ்வூரார் அதைக் கைவிடாத காரணத்தால், உலகின் மனச்சான்றாயிற்று.

வெண்மணியைப் பற்றிக் கதைகளும் ஆவணப்படங்களும் வந்தன. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மிராசுதாரின் மனக்குறையைக் காரணமாகக் காட்டி, மக்களின் போராட்டத்தை அந்நாவல் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்ற கண்டனமும் எழுந்தது. சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ நாவலும், பாரதி கிருஷ்ணகுமாரின் ‘இராமய்யாவின் குடிசை’ ஆவணப்படமும் மக்களின் பக்கத்திலிருந்து அதே வரலாற்றைச் சொல்ல முயன்றவை. நம் கதையைப் பிறர் எழுதுவதை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாமும் எழுதாதவரை, பிறர் எழுதியதே வரலாறாக நின்றுவிடும்.

எழுத்தறியாதவரின் சாட்சி

இனி நம் சங்கத்துக்கும் வெண்மணிக்கும் உள்ள தொடர்பைக் கூறி முடிப்போம்.

வெண்மணி மக்களின் வாழ்வை முடிவு செய்த தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கூலி ஒப்பந்தம், காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், நீதிமன்றத் தீர்ப்பு, மனைப்பட்டா, நிலப்பதிவு, கடன் பத்திரம். அக்காலப் பண்ணையாள் குடும்பங்களில் எழுத்தறிந்தவர் அரியர். தாம் சொன்னது தாளில் எவ்வாறு ஏறியது என்பதைத் தாமே படித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுள் பெரும்பாலோருக்கு இல்லை. இறுதித் தீர்ப்போ ஆங்கிலத்தில் அமைந்தது. தம் பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்னும் வினாவுக்கு நாட்டின் உயர்நீதிமன்றம் என்ன விடை கூறிற்று என்பதைப் பிறர் சொல்லியே அவர்கள் அறிய வேண்டியிருந்தது.

இது கல்வி இன்மையின் கொடுமை. ஆனால் எழுத்தறியாத அம்மக்கள் நெஞ்சுறுதியில் குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் உடன் கூற வேண்டும். படித்த நம்மில் எத்தனை பேர் அவர்களைப் போல் சாட்சி சொல்வோம்? துணிவு அவர்களிடம் இருந்தது, எழுத்து இல்லை. நம்மிடம் எழுத்து இருக்கிறது. துணிவு இருக்கிறதா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று உண்டு. 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோருமாக நம் மக்கள் ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கைச் சாட்சிகளின் உறுதியும், அவர்களுடன் நின்ற வழக்கறிஞர்களின் உழைப்பும் தாங்கி நின்றன. 17 பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2009இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வெண்மணிக்கும் மேலவளவுக்கும் இடையே 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது உண்மை. அத்துடன், சட்டம் கற்ற ஒரு தலைமுறையும் வந்திருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவியபோது, கல்வியை வேலைக்கான ஏணியாக மட்டும் கருதவில்லை. கற்றவன் தன் மக்களிடம் திரும்பி வர வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. நம்மிடையே இன்று ஒரு குறை இருப்பதை மறைக்காமல் கூறுகிறோம். சங்கத்தின் உதவியால் படித்து உயர்ந்தவர்களுள் சிலர், நகரம் சென்றபின் ஊர்ப்பெயரைச் சொல்லவும் தயங்குகின்றனர். தெருப்பெயரைக் கேட்டால் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்கின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் அஞ்சுவது எதற்கென்று நாம் அறிவோம். ஆயினும், ஒரே ஒரு குடும்பமாகத் தப்பித்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் அதை மறுத்த ஊரின் வழிவந்தவர்கள் நாம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டாமல் இருக்கவும் இயலவில்லை.

ஆகவே இளைஞர்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். உங்கள் தெருவின் முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்கள் நினைவில் உள்ளவற்றை எழுதி வையுங்கள். பண்ணை, படி, கூலி, சங்கம் என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் நாளைய வரலாறு. உங்கள் வீட்டு மனைப்பட்டாவை எடுத்து ஒருமுறை முழுவதும் படியுங்கள். அது எச்சட்டத்தால், எந்த ஆண்டில், யார் பெயரில் வந்தது என்பதை அறியுங்கள். நிலம் வாங்கும் நாள் வந்தால் தாயின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ எழுதுங்கள். சட்டம் படிப்போர் வெண்மணித் தீர்ப்பை மூலத்திலேயே படித்து, அதில் எழுதியிருப்பது என்னவென்று தமிழில் நம் மக்களுக்கு எடுத்துரையுங்கள். அச்சாட்சிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்களுள் இது ஒன்று.

டிசம்பர் 25 அன்று இயன்றவர் கீழவெண்மணி செல்லுங்கள். அங்குள்ள 44 பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள். ஆயிரம் ஆண்டுகளாகச் சேரி என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டிருந்த மக்களுக்கு, இம்மண்ணில் தனித்தனியே பெயர் உண்டு என்பதை அக்கல் சொல்கிறது. அப்பெயர்களைப் பிறர் துணையின்றிப் படிக்க வல்ல பிள்ளைகளை உருவாக்கவே நம் சங்கம் தோன்றியது. அப்பணி முடிந்துவிடவில்லை, வரும் ஆண்டுகளிலும் அதை ஒன்றுகூடியே செய்வோம்.